இல்லத்தில் சேர்த்த பிறகு முடிவு யாருடையது? மறதி நோய்ப் பராமரிப்பில் முதியவரின் விருப்பமும் குடும்பத்தின் இடமும்

மறதி நோய் வந்த தாயையோ தகப்பனையோ முதியோர் இல்லத்தில் சேர்ப்பது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இன்னும் ஊர்வாயில் விழும் காரியம்தான். "பிள்ளைகள் இருந்துமா?" என்பதுதான் முதல் கேள்வி. அதைத் தாண்டி வந்த குடும்பங்களுக்கு வேறு குழப்பங்கள் காத்திருக்கின்றன. அம்மாவுக்குத் தான் எங்கே இருக்கிறேன் என்பதே தெரியவில்லை, அவவிடம் எதற்கு விருப்பம் கேட்பது? காசு கட்டி விட்டிருக்கிறோம், இனி நாம் தலையிட்டால் அவர்களுடைய வேலைக்கு இடைஞ்சல் ஆகாதா? படலையைப் பூட்டி வைத்திருக்கிறார்களே, அது பாதுகாப்பா, சிறையா?

மூன்றும் ஒரே எண்ணத்திலிருந்து முளைப்பவை. நோய் வந்தவருக்குச் சொந்த விருப்பம் என்று எதுவும் மிச்சமில்லை என்பதே அந்த எண்ணம். அது எவ்வளவு தூரம் சரி என்பதிலிருந்து தொடங்கலாம்.

நோய் எதை எடுக்கிறது, எதை விட்டுவைக்கிறது

நினைவு, யோசனை, மொழி, அன்றாட வேலைகளைச் செய்யும் ஆற்றல் எல்லாம் படிப்படியாகக் குறையும் நிலைகளுக்குப் பொதுப்பெயர் டிமென்ஷியா; மறதி நோய் என்று நாம் சொல்வது இதைத்தான். அதற்குள் பல நோய்கள் இருக்கின்றன. அதிகம் காணப்படுவது அல்சைமர் நோய். மொத்தத்தில் 60 முதல் 70 வீதம் அதுதான். மூளைக்குப் போகும் இரத்த ஓட்டம் கெடுவதால் வருவது இன்னொரு வகை. பாரிசவாதம் வந்தவர்களுக்கும், பிரஷரும் சீனி வருத்தமும் நெடுங்காலம் கட்டுப்படாமல் இருந்தவர்களுக்கும் அது வரும் வாய்ப்புக் கூட. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடி 70 இலட்சம் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்ந்தார்கள். இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டின்போதே 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம். அதற்குப் பிறகு நாடு இன்னும் மூத்துவிட்டது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். "அறளை பெயர்ந்துவிட்டது" என்று வீட்டிலேயே முடிவுகட்டி நேரே இல்லத்துக்குக் கொண்டுபோவது ஆபத்தானது. தைரோயிட் குறைபாடு, விற்றமின் பீ12 குறைபாடு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதி நோய் போலவே தோற்றம் காட்டும். இவற்றில் பலவற்றுக்கு மருத்துவம் உண்டு. நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று திடீரெனக் குழம்பிப்போனால் அது சிறுநீர்த் தொற்றாகவோ உடம்பில் நீர் குறைந்ததாகவோ இருக்கலாம். வைத்தியசாலைப் பரிசோதனை முடிந்த பிறகுதான் மற்றக் கதையெல்லாம்.

சரி, உண்மையாகவே மறதி நோய்தான் என்றால் என்ன நடக்கிறது? அல்சைமரில் முதலில் அடிபடுவது புதியவற்றைப் பதிந்துவைக்கும் பகுதி. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது போய்விடும். ஆனால் கை பழகிய வேலைகளும், சிறுவயது நினைவுகளும், பாட்டும் வழிபாடும், உணர்ச்சியும் நெடுநாள் நிற்கும். பேரனின் பெயரைச் சொல்லத் தெரியாத ஒரு மூத்தம்மா ஒளு எடுத்துத் தொழுகைக்கு நிற்கும்போது கை கால் ஒழுங்கு தவறாது. தேங்காய் துருவக் கொடுத்தால் சிலர் ஓடு தெரியும்வரை துருவுவார்கள்.

பராமரிப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான இன்னொரு விஷயம் உண்டு. ஒரு நிகழ்ச்சி மறந்துபோன பிறகும் அது தந்த சந்தோசமோ கவலையோ மனதில் தங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "நான் வந்ததே அம்மாவுக்கு நினைவில்லை, பிறகு எதற்கு வருவது?" என்று கேட்கும் மகளுக்கு இதுதான் பதில். வந்தது மறக்கும். வந்ததால் வந்த நிம்மதி அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். அதேபோல, காலையில் யாரோ அதட்டியது மறந்துபோகும், அதனால் வந்த பயம் போகாது. மதியச் சாப்பாட்டை அவர் தட்டிவிடுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

"தெளிவில்லை" என்பது ஒற்றைச் சொல்லில் முடிகிற விஷயமா

முடிவெடுக்கும் திறனை நாம் ஒரு சுவிட்ச் போல நினைக்கிறோம். இருந்தால் முழுக்க எரியும், போனால் முழு இருட்டு. நடைமுறையில் அப்படி இல்லை. காணி உறுதி எழுதும் அளவுக்குக் கணக்குப் புரியாதவருக்கு, காலையில் குளிப்பதா பின்னேரம் குளிப்பதா என்று சொல்ல நன்றாகவே தெரியும். காலையில் தெளிவாக இருப்பவர் பொழுதுபடும் நேரத்தில் குழம்பலாம். ஆகவே "இவருக்குத் திறன் இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. இந்த விஷயத்தில், இந்த நேரத்தில் அவரால் முடிவெடுக்க முடியுமா என்று கேட்க வேண்டும்.

இங்கிலாந்து 2005இல் கொண்டுவந்த மனத்திறன் சட்டம் இதற்கு நான்கு அளவுகோல்களை வைத்தது. அது நம் நாட்டுச் சட்டம் இல்லை, ஆனால் யோசிப்பதற்கு நல்ல கருவி.

1. சொன்னது அவருக்குப் புரிகிறதா?
2. முடிவெடுக்கும்வரையாவது அதை மனதில் வைத்திருக்க முடிகிறதா?
3. இதைச் செய்தால் என்ன, விட்டால் என்ன என்று எடைபோட முடிகிறதா?
4. பேச்சாலோ தலையசைப்பாலோ கையாலோ தன் முடிவை வெளிக்காட்ட முடிகிறதா?

திறன் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். இல்லை என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும் என்பது அதே சட்டத்தின் முதல் விதி. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. வைத்தியர் நோயின் பெயரைச் சொன்ன நாளிலிருந்து, அம்மா பக்கத்தில் இருக்கும்போதே "அவவுக்கு என்ன குடுக்கலாம்?" என்று மகளிடம் கேட்கிறார்கள்.

கேட்கும் விதத்திலும் நிறைய இருக்கிறது. "என்ன சாப்பிடுறீங்க அம்மா?" என்பது திறந்த கேள்வி; பதிலைத் தேடி எடுக்க வேண்டும், அது கடினம். புட்டையும் இடியப்பத்தையும் இரண்டு கோப்பையில் முன்னால் வைத்து "எது வேணும்?" என்றால் கை தானாக நீளும். மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாரா, காது கேட்கும் பக்கத்தில் நிற்கிறோமா என்று பார்க்க வேண்டும். கேட்டுவிட்டு உடனே அடுத்த கேள்வியைப் போடாமல் பொறுக்கவும் வேண்டும். பேச்சே நின்றுபோன கட்டத்தில் வாயை இறுக மூடுவதும் முகத்தைத் திருப்புவதும் கையைத் தள்ளுவதும் "வேண்டாம்" என்பதுதான். அதைக் குழப்படி என்று பதிவேட்டில் எழுதும் இல்லம், அவர் சொன்ன பதிலைக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

நோயைப் பார்க்காமல் ஆளைப் பார் என்ற இந்த அணுகுமுறைக்கு 1990களில் வடிவம் கொடுத்தவர் பிரித்தானியாவின் பிராட்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொம் கிட்வூட். நோயாளியின் நிலை மோசமாவதற்கு மூளைச் சேதம் மட்டும் காரணமில்லை, சுற்றியிருப்பவர்கள் அவரை நடத்தும் விதமும் காரணம் என்றார் அவர். குழந்தைபோல் கொஞ்சுவது, பொய் சொல்லி ஏய்ப்பது, அவர் இல்லாததுபோல் தலைக்கு மேலால் பேசுவது எல்லாம் அவருடைய பட்டியலில் இருந்தன. கெட்ட எண்ணம் இல்லாதவர்களே இவற்றைச் செய்கிறார்கள் என்பதையும் அவர் சொல்லியிருந்தார்.

கிழக்கில் குடும்பம் என்றால் யார்

வெளிநாட்டு வழிகாட்டிகள் குடும்பம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி முறை ஆழமாக ஊறியது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மருமகன் அந்த வீட்டுக்கு வருவார். தாய் தகப்பன் கடைசியில் தங்குவது பெரும்பாலும் ஒரு மகளோடுதான், அதிலும் பல வீடுகளில் இளைய மகளோடு. ஆகவே பராமரிப்பு முழுக்க ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. அந்தப் பெண் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போனால், அல்லது ஆசிரிய நியமனம் கிடைத்துத் தூர ஊருக்குப் போனால், ஆச்சியைப் பார்க்க ஆளில்லை. மகன்மார் அவரவர் மனைவியின் வீட்டில் இருப்பார்கள், அல்லது கனடாவிலோ சுவிஸிலோ இருப்பார்கள். இல்லத்தின் பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பிள்ளைகளின் பாசக் குறைவு என்று ஊர் சொல்வதில் உண்மை இருக்கும் வீடுகளும் உண்டு. ஆனால் இந்தக் கணக்கைப் பார்க்காமல் அப்படிச் சொல்வது அநியாயம்.

முதியோர் இல்லங்களில் பல சமய, தொண்டு அமைப்புகள் நடத்துபவை. பொதுவாக முதுமையடைந்தவர்களுக்கென்று அமைக்கப்பட்டவை. மறதி நோய்க்கென்று பயிற்சி பெற்றவர்கள் நிறைய இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அப்படியான இடத்தில் குடும்பத்தின் பங்கு இன்னும் கூடுகிறது.

இல்லத்திடம் இல்லாததும் குடும்பத்திடம் இருப்பதும்

இல்லத்திடம் கட்டிலும் சாப்பாடும் மருந்தும் ஆட்களும் இருக்கும். இருக்காதது அந்த மனிதரின் கதை. அதைத் தரக்கூடியது குடும்பம் மட்டும்தான்.

ஒரு எடுத்துக்காட்டு. 80 வயதுப் போடியார் (வயல் உடைமைக்காரர்) ஒருவர் ஒவ்வொரு இரவும் ஒரு மணி அளவில் எழும்பி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு வேலையில் இருப்பவருக்கு இது அலைச்சல். கதவுக்குப் பூட்டு, அல்லது நித்திரைக் குளிசை. மகனிடம் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்: "வாப்பா முப்பது வருசமா பெரும்போகத்துல யானைக் காவலுக்கு வாடியிலதான் படுப்பார்." ஆள் ஓடப் பார்க்கவில்லை, வேலைக்குப் புறப்படுகிறார். இது தெரிந்த பராமரிப்பாளர் "இண்டைக்கு மற்ற ஆக்கள் காவலுக்குப் போயிட்டாங்க வாப்பா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் படுங்க" என்று சொல்லி, டோர்ச் லைட் ஒன்றைக் கையில் கொடுத்து முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்ற விட்டுக் கூட்டிவரலாம். எல்லா இரவும் இது பலிக்காது. பலிக்கும் இரவுகளில் ஒரு மாத்திரை மிச்சம்.

இதைவிடக் கனமான விஷயம் போர். அண்மைய நினைவு அழிய அழியப் பழைய நினைவு நிகழ்காலமாகிவிடும் என்பது இந்த நோயின் தன்மை. நம் பக்கத்து மூத்தவர்களுக்குப் பழைய நினைவு என்றால் அதில் 1990இன் போர்க் காலமும் இருக்கிறது, 2004 டிசம்பர் 26 சுனாமியும் இருக்கிறது. இரவில் முகத்தில் டோர்ச் அடித்துப் பார்ப்பது, கதவைப் பலமாகத் தட்டுவது, சீருடையோடு ஒருவர் உள்ளே வருவது, ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் வரிசையாக இருத்துவது எல்லாம் மற்ற ஊர்களில் சாதாரண இல்ல நடைமுறை. இங்கே ஒரு அம்மாவுக்கு அது சுற்றிவளைப்பு. கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்பவரை இழுத்தெடுத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கடற்கரை ஓரத்து இல்லத்தில் அலைச் சத்தம் கூடும் இரவுகளில் ஒருவர் "தண்ணி வருது" என்று எல்லோரையும் எழுப்பினால், அவருடைய வீட்டில் யார் யார் கடலோடு போனார்கள் என்பதை ஊழியர்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாயிடம் என்ன சொல்வது? மறதி நோய் பற்றிய கைநூல்களில் இதற்கு நேரடிப் பதில் கிடைக்காது. இறந்துபோன கணவரைக் கேட்டால் பேச்சை மெல்ல அவரைப் பற்றிய நினைவுக்குத் திருப்பச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் சாவுச் செய்தி சொன்னால் ஒவ்வொரு முறையும் புதுச் சாவு. ஆனால் காணாமல் போன மகன் விஷயத்தில் குடும்பத்துக்கே ஒரே பதில் இல்லை. ஒரு மகள் "அண்ணன் வருவான்" என்று இன்றும் நம்புவார், இன்னொருவர் திவசம் கொடுத்திருப்பார். இதில் இல்லம் தன்பாட்டில் ஒரு கதையைக் கட்டக்கூடாது. குடும்பம் கூடிப் பேசி, எல்லா ஊழியரும் ஒரே மாதிரிச் சொல்ல ஒரு வசனத்தைக் கொடுக்க வேண்டும். "அவரைப் பத்திச் சொல்லுங்க அம்மா, சின்ன வயசுல எப்பிடி இருந்தவர்?" என்பது பொய்யும் இல்லை, புண்ணைக் கிளறுவதும் இல்லை என்று எனக்குப் படுகிறது.

மொழியையும் சேர்க்க வேண்டும். பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் மறந்துபோய், தாய்மொழி மிஞ்சி நிற்பது இந்த நோயில் காணப்படும் ஒன்று. மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசி வளர்ந்த ஒரு மூத்தவர் ஒருநாள் தமிழை விட்டுவிட்டு அதற்குத் திரும்பினால், அவர் பிதற்றவில்லை. அம்பாறையில் தமிழ் இல்லத்தில் இருக்கும் சிங்கள ஆச்சிக்கும் இதே நிலை வரலாம். தண்ணீர், வலி, மலசலகூடம், பயம் என்று பத்துச் சொற்களை வீட்டார் எழுதிக் கொடுத்தால் போதும்.

குடும்பத்தின் குரல் எங்கே எல்லை தாண்டுகிறது

இதுவரை சொன்னதை வைத்து, குடும்பம் சொல்வதெல்லாம் முதியவர் சொல்வது என்று எடுத்துக்கொண்டால் பிழை. நெருங்கிய உறவினர்கூட நோயாளியின் விருப்பத்தை எப்போதும் சரியாக ஊகிப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பிள்ளைகள் பாதுகாப்பையும் சுத்தத்தையும் முன்னால் வைப்பார்கள். அவருக்கோ தன் பொருள் தன் கையில் இருப்பதும், யாருக்கும் பாரமாக இல்லாமல் இருப்பதும் பெரிதாக இருக்கலாம்.

கொட்டப்பெட்டியைப் பாருங்கள். பாக்கு, வெற்றிலை, இரண்டு மூன்று நோட்டு. ஆச்சி அதை மடியில் வைத்திருப்பார், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து எண்ணுவார். காசு தொலையும் என்று மகள் எடுத்து அலுமாரியில் வைக்கிறார். வெற்றிலைக் கறை படியும் என்று இல்லம் தடுக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு. ஆனால் எடுத்த நாளிலிருந்து ஆச்சி "களவு போயிட்டுது" என்று எல்லோரையும் சந்தேகப்படத் தொடங்குவார். நூறு ரூபாய் தொலைவது சிறிய இழப்பு. வெற்றிலை கொஞ்சம் சிக்கல்: விழுங்கச் சிரமப்படும் கட்டம் வந்துவிட்டால் பாக்குத் துண்டு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்மையானது. அதற்கு முந்திய கட்டத்தில், பக்கத்தில் ஒருவர் இருக்க, இடித்த வெற்றிலை கொடுப்பதற்கு என்ன தடை?

அப்புறம் காசு அனுப்புகிறவர் பிரச்சினை. மாதக் கட்டணம் வெளிநாட்டிலிருந்து வரும்; முடிவும் அங்கிருந்து வீடியோ கோலில் வரும். இங்கே கிழமைக்கு இரண்டு முறை பஸ்ஸில் போய்த் தலை இழுத்துவிட்டு வரும் மகளின் சொல் எடுபடாது. அவரவர் பாசத்தை அளக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் அம்மாவின் இன்றைய நிலையை நேரில் பார்ப்பவருக்கே அன்றாடப் பராமரிப்பில் கூடிய இடம் இருக்க வேண்டும். யாரோடு பேசுவது என்று இல்லம் முதல் நாளே ஒருவரை எழுதி வாங்குவது சண்டையைக் குறைக்கும். முடிந்தால் அந்த ஒருவர் யார் என்று முதியவரிடமே கேட்க வேண்டும். நோயின் முற்பகுதியில் அதற்குத் தெளிவான பதில் கிடைக்கும்.

யாருமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். போரிலும் சுனாமியிலும் குடும்பத்தையே இழந்தவர்களுக்கு, கோயில் கூட்டாளியோ பழைய அயல்வீட்டுக்காரரோ கூட வேலை செய்த ஆசிரியரோ அந்த இடத்தை எடுக்கலாம். இரத்த உறவு என்று படிவத்தில் ஒரே பெட்டி வைத்திருந்தால் இவர்கள் வெளியே நிற்பார்கள்.

ஆபத்தும் பூட்டும் மாத்திரையும்

1972இல் அமெரிக்காவின் ராபர்ட் பெர்ஸ்கி ஒரு கருத்தை வைத்தார்: எல்லா ஆபத்திலிருந்தும் ஒருவரைக் காப்பாற்றுவது அவருடைய மனித மதிப்பையே பறிப்பதாகலாம். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைப் பற்றி அவர் எழுதியது முதியோர் பராமரிப்புக்கும் வந்து சேர்ந்தது. 1976இல் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் செய்த பரிசோதனை பிரபலமானது. ஒரு மாடியில் இருந்தவர்களுக்குத் தங்கள் அன்றாட விஷயங்களைத் தாங்களே தீர்மானிக்கலாம் என்று சொல்லி, வளர்க்க ஒரு செடியும் கொடுத்தார்கள். மற்ற மாடியில் எல்லாவற்றையும் ஊழியர் பார்ப்பார்கள் என்றார்கள். முதல் மாடிக்காரர் கூடுதல் உற்சாகமாக இருந்தார்கள். அதன் இறப்பு வீதக் கணக்கில் பிற்பாடு ஐயம் எழுந்தது. பங்குபற்றியவர்களும் மறதி நோயாளர்கள் இல்லை. ஆகவே அதை அதிகம் இழுக்காமல், சிறு தெரிவுகளுக்கும் மனநிலைக்கும் தொடர்பு உண்டு என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

பூட்டுக்கு வருவோம். நம் பக்கத்தில் படலைக்கு வெளியே பிரதான வீதி, வாவி, கடல், கட்டு இல்லாத கிணறு. வெளியே தனியாக விட முடியாது என்பது உண்மைதான். ஆனால் வெளிப் படலையைப் பூட்டுவதும் ஆளை அறைக்குள் பூட்டுவதும் ஒன்றாகாது. நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் மறதி நோயாளருக்காக 2009இல் திறந்த ஹோகவேய்க் குடியிருப்பில் கடையும் தெருவும் முற்றமும் உள்ளேயே இருக்கின்றன. வெளி எல்லை மட்டும் அடைப்பு. அவ்வளவு காசு நம்மிடம் இல்லை. வேலி போட்ட மணல் முற்றம், நிழலுக்கு ஒரு வேம்பு, சுற்றி வந்து தொடங்கிய இடத்துக்கே சேரும் நடைபாதை, மூடியிட்ட கிணறு: இவற்றுக்கு அந்த அளவு காசு தேவையில்லை. கதிரையோடும் கட்டிலோடும் கட்டிவைப்பது வேறு வகை. அது விழுவதைத் தடுக்கும் என்று நினைக்கிறார்கள்; தசை சோர்ந்து, படுக்கைப் புண் வந்து, கட்டை அவிழ்க்கப் போராடிக் காயம் படுவதும் அதனால்தான். அமெரிக்கா 1987லேயே இதற்கு எதிராகச் சட்டம் இயற்றியது.

மாத்திரையால் அடக்குவது கண்ணுக்குத் தெரியாத கட்டு. மனநோய்க்கான சில மருந்துகளை மறதி நோயுள்ள முதியவர்களுக்குக் கொடுக்கும்போது இறப்பு ஆபத்துக் கூடுகிறது என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2005இல் எச்சரிக்கை விடுத்தது. லூயி பொடி வகை டிமென்ஷியாவில் இவை இன்னும் மோசமாகத் தாக்கும். எல்லா நேரமும் கூடாது என்பதில்லை. கடும் பயமும் வன்முறையும் இருக்கும்போது வைத்தியர் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குக் கொடுக்கலாம். என்ன மருந்து, எதற்காக, எப்போது நிறுத்திப் பார்ப்பீர்கள் என்று குடும்பம் கேட்கலாம். அதற்குக் கோபப்படும் இல்லத்தை நான் நம்பமாட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்தான் அடிப்படை. ஐந்துக்கு மேற்பட்ட முதியவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது அது. பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்றும், தம்மைப் பராமரிக்க முடியாத பெற்றோர் பராமரிப்புக் கோரி முறையிடலாம் என்றும் சொல்கிறது. பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் இல்லத்தின் பதிவு பற்றிக் கேட்கலாம்.

முடிவெடுக்கும் திறன் பற்றித்தான் நம் சட்டம் பலவீனமாக இருக்கிறது. உளநலச் சட்டத்தின் வேர் 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. அது மறதி நோயை மனதில் வைத்து எழுதப்பட்டதில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஒருவருக்குப் பதிலாக முடிவெடுப்பதைக் குறைத்து, அவரே முடிவெடுக்க உதவுவதைக் கூட்டு என்பதே அதன் 12ஆம் உறுப்புரையின் திசை. உள்நாட்டுச் சட்டம் அந்த இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நடைமுறையில் குடும்பங்கள் தடுக்கி விழுவது அற்றோணித் தத்துவத்தில், அதாவது தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரத்தில். அம்மா கையொப்பம் வைத்துத் தந்திருக்கிறார், ஆகவே எப்போதும் செல்லும் என்று நினைக்கிறார்கள். கொடுத்தவர் மனத்திறனை இழந்தால் அந்த அதிகாரமும் விழுந்துவிடும். அதற்குப் பிறகு சொத்தைக் கையாள மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து முகாமையாளர் நியமனம் பெறுவதுதான் முறையான வழி. காணி உறுதிக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். என்ன எழுதுகிறோம் என்று புரியாதவரின் கையைப் பிடித்து எடுத்த கைநாட்டு பிற்பாடு வழக்காகும். வீடும் வளவும் பற்றிப் பேச வேண்டியதை நோயின் தொடக்கத்திலேயே, அவர் முன்னிலையில், ஒரு சட்டத்தரணியோடு பேசிவிட வேண்டும்.

சேர்க்கும்போது கேட்க வேண்டியவை, கொடுக்க வேண்டியவை

1. இல்லம் பதிவு செய்யப்பட்டதா? இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்?
2. பார்க்க வரும் நேரம் எவ்வளவு? ஞாயிறு பின்னேரம் ஒரு மணித்தியாலம் மட்டும் என்றால் குடும்பத்தால் எதையும் செய்ய முடியாது. 2014இல் பிரித்தானியாவில் இரண்டு பெண்கள் தொடங்கிய ஜோன் இயக்கம் கேட்டது இதைத்தான்: வைத்தியசாலையில் மறதி நோயாளரோடு குடும்பத்தவர் விரும்பிய நேரம் இருக்க இடம் வேண்டும்.
3. வந்தவர் என்ன செய்யலாம்? சும்மா கதிரையில் இருந்து பார்ப்பதோடு நிற்காமல், சோறு ஊட்டலாமா, தலைக்கு எண்ணெய் வைக்கலாமா, முற்றத்துக்குக் கூட்டிப்போகலாமா?
4. ஒரு தாளில் அவருடைய கதை: கூப்பிட வேண்டிய பெயர் முதலில். ஓய்வுபெற்ற அதிபரை எல்லோரும் "அப்பா" என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காமல் போகலாம். "சேர்" என்றால் நிமிர்ந்து உட்காருவார். பிறகு தொழில், குளிக்கும் நேரம், நித்திரைப் பழக்கம், சாப்பாட்டில் விலக்கு, விரதம், பயப்படும் விஷயங்கள். நோன்பு காலத்தில் "நான் நோன்பு" என்று மருந்தை மறுப்பவருக்கு, நோயாளிக்கு மார்க்கம் தரும் சலுகையை அவர் மதிக்கும் ஒரு மௌலவி எடுத்துச்சொன்னால் பலன் கூட.
5. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பராமரிப்புத் திட்டத்தைப் பற்றிப் பேச இருப்பார்களா? அந்தப் பேச்சில் முதியவருக்கும் ஒரு கதிரை உண்டா?
6. முறைப்பாடு செய்தால் அது யாரிடம் போகும்? "சொன்னால் அம்மாவில் காட்டுவார்கள்" என்ற பயத்தில் வாயை மூடியிருக்கும் குடும்பங்கள் பல. பொறுப்பாளருக்கு மேலே ஒருவரின் பெயர் கேட்டு வைத்திருங்கள்.

கடைசிக் கட்டம்

நோய் முற்றும்போது விழுங்கும் ஆற்றல் குறையும். குழாய் வழி உணவு கொடுக்கலாமா என்ற கேள்வி அப்போது வரும். முற்றிய மறதி நோயில் குழாய் வைப்பதால் ஆயுள் கூடுவதாகவோ நிமோனியா குறைவதாகவோ சான்று இல்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் பரிந்துரைத்தது. கையால் ஊட்ட நேரமும் ஆளும் வேண்டும். ஒரு கோப்பைக் கஞ்சிக்கு முக்கால் மணித்தியாலம் எடுக்கலாம். நிறையப் பேரைப் பார்க்கும் ஒரு பராமரிப்பாளரால் அது முடியாது. இங்கேதான் கிழமையில் சில வேளைச் சாப்பாட்டுக்குக் குடும்பம் முறைபோட்டு வருவது எந்த மருந்தையும்விடப் பெரிய உதவி.

எங்கே கண்மூடுவது என்பதும் பேசவேண்டிய விஷயம். தன் வீட்டில், தன் ஆட்கள் சுற்றியிருக்கப் போகவேண்டும் என்பது நம் பக்கத்து மூத்தவர்கள் பலரின் ஆசை. சீதனமாகக் கொடுத்த வீடு என்றாலும் அது அவர்கள் கட்டிய வீடு. நோயின் தொடக்கத்தில் கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள்: வைத்தியசாலைக்குத் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டுமா, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமா, கடைசிக் கிரியைகளை யார் செய்ய வேண்டும், எந்தச் சேலை உடுத்த வேண்டும் என்று. எழுதிக் கையொப்பம் வைத்தாலும் அதற்கு இங்கே சட்டப் பலம் குறைவு. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அம்புலன்சைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று பிள்ளைகள் தொலைபேசியில் சண்டை பிடிக்கும்போது, அம்மாவின் சொல் என்று கையில் இருக்கக்கூடியது அந்தத் தாள் ஒன்றுதான். அதன் பிரதி ஒன்று இல்லத்துக் கோப்பில் முதல் பக்கமாக இருக்கட்டும்.